கூட்டாகத் தொழில் தொடங்குறீங்களா? பத்திரம் எழுதும் முன் வக்கீலைப் பாருங்க!

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயிலோடு சேர்ந்து நினைவுக்கு வருவது பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, இன்சுலேட்டர் எனப் பல பொருட்கள் இங்கே தயாராகின்றன. ஒருவரிடம் ஷெட் இருக்கும். இன்னொருவருக்குச் சூளை வேலை அத்துப்படி. "சேர்ந்தே செய்வோம்" என்று வாய்ப்பேச்சிலேயே தொழில் தொடங்கிவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்கும்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 சொல்வது இதுதான்: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சமபங்கு. உதாரணமாக, நீங்கள் 8 லட்சமும் நண்பர் 2 லட்சமும் போட்டிருந்தாலும் பாதிக்குப் பாதிதான். தொழிலுக்காக நண்பர் வாங்கிய கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

பத்திரம் மட்டும் போதுமா?

போதாது. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் நிறுவனம் பதிவானதாக ஆகாது. பதிவுத்துறையில் நிறுவனத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். tnreginet இணையதளம் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்கலாம். பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் கார்த்திகைக்கு விளக்கு வாங்கிய வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தால், பதிவில்லாத நிறுவனம் அந்த ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. சட்டத்தின் 69-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது.

வக்கீலை எப்படித் தேடுவது?

• வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் போனில் வரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஏற்கெனவே கூட்டாகத் தொழில் செய்பவர்களிடமும், உங்கள் ஆடிட்டரிடமும் கேளுங்க.
• சிவில், வணிக ஆவணங்கள் எழுதிப் பழகியவரா என்று பாருங்க.
• பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.
• வக்கீல் கட்டணம், முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்க.
• அவர் உங்கள் பங்குதாரரின் குடும்ப வக்கீல் என்றால், கையெழுத்துக்கு முன் வேறொரு வக்கீலிடமும் வரைவைக் காட்டிவிடுங்க.

பத்திரத்தில் என்னென்ன இருக்கணும்?

யார் எவ்வளவு முதல், லாபப் பங்கு எவ்வளவு, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, கடன் வாங்க யார் சம்மதம் வேண்டும் என எல்லாம் இருக்கணும். ஷெட்டும் சூளையும் நிறுவனத்தின் சொத்தா, வாடகைக்குக் கொடுத்ததா என்பதும் தெளிவாக வேண்டும். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ கணக்கை எப்படி முடிப்பது என்பதையும் எழுதுங்க. எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததுமே சட்டப்படி நிறுவனம் கலைந்துவிடும்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு?

விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட ஆலோசனை உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கட்டணமில்லா உதவி எண் 15100.

கூட்டாளி சொந்தக்காரராக இருந்தாலும், உயிர் நண்பராக இருந்தாலும், முதல் சூளை பற்றவைக்கும் முன்னே பத்திரத்தை முடிச்சிடுங்க. நாளைக்கு உறவும் தொழிலும் இரண்டுமே நிலைக்கும்.