ஒரு சென்டிமீட்டர் என்னவெல்லாம் செய்யும் தெரியுமா?

ஒரு சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். ஆனால் நீளம் தாண்டுதலில் அது தங்கத்தையே தட்டிப் பறித்துவிடும்! நம்பமுடியவில்லையா? பாலக்காட்டுக்காரர் முரளி ஸ்ரீசங்கரின் கதையைக் கேளுங்கள்.

அப்பா முரளி மும்முறை தாண்டுதலில் தெற்காசிய விளையாட்டில் பதக்கம் வென்றவர். அம்மா பிஜிமோள் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசிய ஜூனியர் வெள்ளி வாங்கியவர். பிறகு பிள்ளை எப்படி இருப்பான்? இத்தனைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் மருத்துவப் படிப்புக்கே இடம் கிடைத்ததாம்! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊரிலேயே விக்டோரியா கல்லூரியில் கணிதம் படிக்கப் போனார், மணல்குழியை விட்டு விலகாமல் இருப்பதற்காக. நம் வீடுகளில் இது நடக்குமா, சொல்லுங்கள்!

2018-இல் முதல் அடி. காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் பெயர் வந்தாயிற்று. கிளம்பும் நேரத்தில் குடல்வால் அழற்சி! விமானத்துக்குப் பதிலாக அறுவைச் சிகிச்சை மேஜை. அதே ஆண்டு செப்டம்பரில் என்ன செய்தார் தெரியுமா? புவனேஸ்வரில் 8.20 மீட்டர் தாண்டி தேசிய சாதனையை உடைத்தார். வயிற்றில் கத்தி பட்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன!

2021 மார்ச்சில் 8.26. டோக்கியோ ஒலிம்பிக் சீட்டு கையில். அங்கே போய்த் தாண்டியதோ 7.69 மட்டுமே; தகுதிச் சுற்றோடு சரி. தடகள சம்மேளனத்துக்குக் கோபம். அப்பாவின் பயிற்சித் திட்டமே சரியில்லை என்று சொல்லி, பயிற்சியாளர் பொறுப்பிலிருந்தே அவரை நீக்கியது. மகன் அசைந்தாரா? அப்பாவிடமேதான் பயிற்சியைத் தொடர்ந்தார்.

இனிதான் வேடிக்கை. 2022 ஏப்ரல், கோழிக்கோடு. ஸ்ரீசங்கர் 8.36 தாண்டுகிறார், புதிய தேசிய சாதனை! ஆனால் தங்கம் அவருக்கு இல்லை. 8.37 தாண்டி அதைத் தட்டிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன நம்ம முதலூர்ப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின்! அப்படியானால் சாதனை ஜெஸ்வினுக்குத்தானே? அதுதான் இல்லை. அவர் தாண்டியபோது முதுகுக்குப் பின்னால் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்றின் வேகம் 2 மீட்டரைத் தாண்டினால் பதக்கம் உண்டு, சாதனைக் கணக்கில் சேராது. ஆக, ஜெயித்தவருக்குச் சாதனை இல்லை, சாதனை படைத்தவருக்கு ஜெயம் இல்லை. இப்படி ஒரு வினோதத்தை வேறு எந்த விளையாட்டில் பார்க்க முடியும்!

நான்கு மாதம் கழித்து பர்மிங்ஹாம் காமன்வெல்த். ஸ்ரீசங்கரின் நான்காவது தாண்டல் மயிரிழையில் ஃபவுல். ஐந்தாவதில் பாய்ந்தார் பாருங்கள், 8.08! பஹாமாஸ் வீரர் லக்வான் நெய்ர்ன் தாண்டியதும் அதே 8.08. ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆளுக்கொரு தங்கம் கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். விதி விடவில்லை: சமமானால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள். அவருக்கு 7.98, இவருக்கு 7.84. வெள்ளி!

அடுத்த ஆண்டோ இன்னும் பரபரப்பு! மார்ச்சில் ஜெஸ்வின் 8.42 தாண்டி தேசிய சாதனையைக் கைப்பற்றினார், இந்த முறை காற்றும் வம்பு பண்ணவில்லை. ஜூனில் புவனேஸ்வரில் ஸ்ரீசங்கர் 8.41. அதுவும் தகுதிச் சுற்றில்! ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் சமன். ஜூலையில் பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 8.37, தைவான் வீரரிடம் 3 சென்டிமீட்டரில் தங்கம் போயிற்று. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக் தகுதி கிடைத்தது. ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இவர் தகுதிச் சுற்றிலேயே வெளியே, ஜெஸ்வின் இறுதிச் சுற்றில்! அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19. சீனாவின் வாங் ஜியானன் 8.22. மறுபடியும் அதே 3 சென்டிமீட்டர், மறுபடியும் வெள்ளி!

இத்தனையையும் தாங்கியவரை வீழ்த்தியது எது தெரியுமா? போட்டியாளர் இல்லை, காற்றும் இல்லை. 2024 ஏப்ரலில், சாதாரணமான ஒரு பயிற்சியின்போது முழங்கால் போயிற்று. ஓடிவரும் வேகம் முழுவதையும் ஒற்றைக் காலால் பலகையில் உதைத்து மேலே திருப்பும் விளையாட்டு இது. முட்டிக்குக் கீழுள்ள தசைநார் பழுதானால் என்ன மிச்சம்? அறுவைச் சிகிச்சை. தகுதி பெற்ற பாரிஸுக்குப் போகவே முடியவில்லை. ஜெஸ்வின் போனார். அவருக்கும் 7.61-தான் வந்தது.

முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 2025 ஜூலையில் புனேயில் 8.05 தாண்டி நின்றார் மனிதர்! ஆகஸ்டில் 8.13. செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப், இடம் எது தெரியுமா? அதே டோக்கியோ! இந்த முறையும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. 7.78. நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே தாண்டியதைவிட 9 சென்டிமீட்டர் அதிகம்.