அக்கவுன்ட்டில் பணம் இருந்தும் ஷெங்கன் விசா ரிஜெக்ட் ஆவது ஏன்?

பத்து நாள் லீவு ஓகே ஆகிவிட்டது. பாரிஸ், ரோம் என்று பிளானும் ரெடி. சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் சில லட்சங்களும் இருக்கின்றன. ஆனாலும் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரு மறுப்புக் கடிதம் வருகிறது. ‘அதான் பணம் இருக்கே, அப்புறம் ஏன்?’ என்று குழம்புபவர்கள் பலர். விசா அதிகாரி பார்ப்பது பணத்தை மட்டுமல்ல. ‘இவர் எதற்காக வருகிறார், சொன்ன தேதியில் திரும்பிப் போவாரா?’ என்பதையும்தான்.

ஷெங்கன் விசா என்றால் என்ன?

29 ஐரோப்பிய நாடுகளுக்குள் சுற்றிவர ஒரே விசா. 1985-ல் லக்ஸம்பர்க்கில் உள்ள ஷெங்கன் என்ற சிறிய ஊரில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் இதன் தொடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் இதில் உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும், அதில் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது.

எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும்?

அதிக நாள்கள் தங்கும் நாட்டுக்கு. பாரிஸில் 3 இரவு, ரோமில் 5 இரவு என்றால், முதலில் பாரிஸில் இறங்கினாலும் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. ‘அந்த நாட்டுல ஈஸியா கிடைக்குதாம்’ என்று நண்பர் சொன்னதை நம்பி வேறு நாட்டுக்குப் போட்டால், ஹோட்டல் புக்கிங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது, எவ்வளவு?

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள்கள். சில விண்ணப்பங்களுக்கு 45 நாள்கள் வரை போகலாம்.

2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குள் இருந்தால் 45 யூரோ. 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சர்வீஸ் சார்ஜ் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது.

30,000 யூரோவுக்குக் குறையாத டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்களாவது காலியாக வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்ணப்ப மையங்கள் பேப்பர்களையும் கைரேகையையும் வாங்கி அனுப்புவதோடு சரி. முடிவு தூதரகத்தின் கையில். ‘கேரன்ட்டியா வாங்கித் தர்றோம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து தள்ளியிருப்பது நல்லது.

எங்கே சறுக்குகிறார்கள்?

திடீர் டெபாசிட்: மாதச் சம்பளம் 45,000 ரூபாய், பேலன்ஸ் எப்போதும் 20,000 ரூபாய். அப்ளை பண்ணும் முன்பு மட்டும் 4 லட்சம் வந்து விழுந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். அது சீட்டு எடுத்த பணமோ, முதிர்ந்த எஃப்.டி.யோ என்றால் அதற்கான ஆதாரத்தைச் சேர்க்க வேண்டும். அப்பா செலவு செய்கிறார் என்றால் அவருடைய கடிதமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வேண்டும்.

முரண்படும் தேதிகள்: லீவு லெட்டரில் 10 நாள், பயணத் திட்டத்தில் 14 நாள். எது உண்மை?

போலி புக்கிங்: கேன்சல் செய்யக்கூடிய உண்மையான புக்கிங்கில் தவறில்லை. இல்லாத டிக்கெட்டை எடிட் செய்து கொடுப்பது வேறு. போலி ஆவணம் என்ற ஒரே காரணம் போதும், விசா மறுக்கப்பட.

திரும்பி வரக் காரணம்: கம்பெனி லீவு லெட்டர், சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல் எல்லாம் இங்கேதான் உதவும். ஃப்ரீலான்ஸர் என்றால் கிளையன்ட் ஒப்பந்தங்கள், ஜி.எஸ்.டி. பதிவு போன்றவற்றைக் காட்டலாம். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் தங்கள் நிலையை கவர் லெட்டரில் நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது.

ரிஜெக்ட் ஆகிவிட்டால்?

காரணத்தை டிக் செய்த படிவம் ஒன்று கையில் வரும். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாள்களுக்குள் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். புதிதாகவும் விண்ணப்பிக்கலாம், கட்டாயக் காத்திருப்புக் காலம் கிடையாது. ஆனால், அதே பேப்பர்களை அப்படியே கொடுத்தால் அதே பதில்தான் வரும். டிக் செய்யப்பட்ட காரணத்துக்கு முதலில் பதில் தேட வேண்டும்.

மறுப்பு விவரம் ஷெங்கன் நாடுகளின் பொது டேட்டாபேஸில் 5 ஆண்டுகள் இருக்கும். அதனால் நாட்டை மாற்றிப் போட்டாலும் தெரிந்துவிடும். பிரிட்டன் விசா படிவத்தில் வேறு நாடுகள் விசா மறுத்தனவா என்ற கேள்வியே உண்டு. அங்கே மறைத்தால் சிக்கல் பெரிதாகும்.

ஒழுங்காகப் போய் வந்தால்?

அதற்குப் பலன் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக விதிகள் தளர்த்தப்பட்டன. முந்தைய 3 ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு, பலமுறை சென்றுவரக்கூடிய 2 ஆண்டு விசா கிடைக்கலாம். அதற்கடுத்து, பாஸ்போர்ட் காலம் மீதமிருந்தால், 5 ஆண்டு விசா.

எனவே, சமர்ப்பிக்கும் முன் லீவு லெட்டர், டிக்கெட், ஹோட்டல், இன்ஷூரன்ஸ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் தேதிகள் ஒத்துப்போகின்றனவா? பேங்க் ஸ்டேட்மென்ட்டில் உள்ள ஒவ்வொரு பெரிய தொகைக்கும் ஆதாரம் இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் அப்பாயின்ட்மென்ட் போடலாம்.