கம்ப்யூட்டர் தானாகப் படம் வரையுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெயிண்ட் புரோகிராமில் மவுஸைப் பிடித்து வரைவது நாம்தான். அங்கே கம்ப்யூட்டர் வெறும் தூரிகை. அந்தத் தூரிகையே ஓவியராகிவிட்டால்? இதைச் சோதித்துப் பார்த்தவர் ஹரால்டு கோஹன்.

கோஹன், இங்கிலாந்தின் பெயர் பெற்ற ஓவியர். 1966ல் வெனிஸ் பினாலே கண்காட்சியில் தன் நாட்டின் சார்பில் பங்கேற்றவர். 1968ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், அங்கே புரோகிராம் எழுதக் கற்றுக் கொண்டார். 1970களின் தொடக்கத்தில் படம் வரையும் புரோகிராம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு ஆரோன் என்று பெயர் வைத்தார்.

ஆரோன் எப்படி வரைகிறது? இன்றைய ஏ.ஐ. புரோகிராம்கள் ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. ஆரோன் அப்படி அல்ல. கோஹன் எழுதித் தந்த விதிகள்தான் அதற்குத் தெரியும். உடலோடு கை எங்கே சேரும், முன்னால் இருக்கும் பொருள் பின்னால் இருப்பதை எப்படி மறைக்கும் என்பது போன்ற விதிகள் இவை. இவற்றை மீறாமல், கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஆரோனே முடிவு செய்யும். அதனால் ஒரு படத்தைப் போல இன்னொன்று இருக்காது.

முதலில் ஆரோன் கோடுகளை மட்டுமே போட்டது. வண்ணம் தீட்டியவர் கோஹன். 1995ல் பாஸ்டன் நகரக் கம்ப்யூட்டர் மியூசியத்தில், ஓர் எந்திரத்தின் துணையோடு ஆரோனே வண்ணமும் தீட்டிக் காட்டியது. பிறகு ஸ்கிரீன் சேவராகவும் வெளிவந்து, வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் வரைந்தது.

சிக்கல் இங்கேதான் வருகிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிட்டால் ஓவியருக்கு என்ன வேலை? கோஹன் தன் கடைசி ஆண்டுகளில் வண்ணம் தீட்டும் வேலையைத் திரும்பத் தன் கைக்கே எடுத்துக் கொண்டார். பெரிய தொடுதிரையில் விரலால் வண்ணம் தீட்டினார்.

2016ல் அவர் காலமானார். 2024ல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் ஆரோனை மீண்டும் இயக்கினார்கள். அது வரைந்தது. படங்கள் புதியவை, விதிகள் கோஹன் விட்டுச் சென்றவை.

எனவே நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: வரையும். ஆனால் அதன் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். எந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது, எதை நம் கையிலேயே வைத்துக் கொள்வது என்பதை கோஹனைப் போல நாமும்தான் முடிவு செய்ய வேண்டும்.