சேற்றைக் கடக்கும் சக்கரங்கள்

மைசூரு நகருக்கும் சக்கரங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விக்ராந்த் என்னும் பெயரில் இங்குத் தொடங்கப்பட்ட டயர்த் தொழிற்சாலை, இன்று ஜே.கே. டயர் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இந்நகரை அடுத்த மாவட்டப் பகுதியில் நாகரகொளே காடு பரந்துள்ளது. அக்காட்டின் வேட்டைத் தடுப்பு முகாம்களில் காவலர்கள் தங்கிப் பணியாற்றுகின்றனர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காட்டுப்பாதைகள் சேறாகிவிடும். அப்போது முகாமுக்கு அரிசி கொண்டுசெல்லவும், நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துவரவும் ஜீப் போன்ற வண்டிகளே உதவும். அத்தகைய வண்டி சேற்றில் சிக்காமல் செல்வது எவ்வாறு?

ஏற்ற டயர்

தார்ச்சாலைக்கான டயரில் பள்ளங்கள் குறுகியவை. அவற்றில் சேறு அடைத்துக்கொண்டால் டயர் வழுக்கும். சேற்றுநிலத்திற்கான டயரில் மேடுகள் உயரமாகவும் இடைவெளிகள் அகலமாகவும் இருக்கும். சக்கரம் சுழலும்போது சேறு வெளியே தெறித்துவிடும். மேடுகள் மண்ணைப் பற்றும். ஆயினும் இவ்வகை டயர் தார்ச்சாலையில் இரைச்சல் எழுப்பும், விரைவில் தேயும். ஆகவே, வண்டி பெரும்பாலும் செல்லும் பாதையை எண்ணியே டயரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அச்சும் டிஃபரென்ஷியலும்

அணிவகுப்பில் மாணவர்கள் வரிசையாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்முனையில் நிற்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார். வெளிமுனையில் இருப்பவர் விரைந்து நடப்பார். வண்டி திரும்பும்போதும் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு செல்ல வேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பல்சக்கர அமைப்பே டிஃபரென்ஷியல். இஃது அச்சின் இடையில் அமைந்துள்ளது.

இதில் ஒரு குறையும் உண்டு. இஃது இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்புவிசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதைச் சுழற்றச் சிறிதளவு விசையே போதும். உறுதியான தரையில் நிற்கும் மற்றதற்கும் அச்சிறிதளவே கிடைக்கும். எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் வண்டி நகராது.

இக்குறையைப் போக்குவது டிஃபரென்ஷியல் பூட்டு. இஃது இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யும். உறுதியான தரையில் உள்ள சக்கரம் வண்டியை வெளியே தள்ளும். சக்கரம் வழுக்கிச் சுழலும்போது பூட்டை இடுதல் கூடாது. சேற்றில் இறங்கும் முன்பே இடவேண்டும். தார்ச்சாலையை அடைந்ததும் விடுவித்துவிட வேண்டும். இல்லையேல் வண்டி திரும்ப மறுக்கும், டயர் தேயும், அச்சு முறியவும் கூடும்.

பராமரிப்பு

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காரோ ஜீப்போ சாலையில் செல்லுதல் சட்டப்படி தவறு. சேற்று டயருக்கு அதைவிட மிகுந்த ஆழம் தேவை. மணலில் செல்லக் காற்றைக் குறைத்திருந்தால், சாலைக்கு வந்தவுடன் மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடையைக் கடந்தபின் அச்சு எண்ணெயைச் சோதித்தல் நன்று. சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை இழுக்கக்கூடும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால், நீர் புகுந்துள்ளது என அறிந்து, அதை உடனே மாற்ற வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

முழங்கினாலும் – பேரொலி எழுப்பினாலும்
இடையில் – நடுவில்

சிந்தித்து விடை எழுதுக

1. தார்ச்சாலையில் டிஃபரென்ஷியல் பூட்டை ஏன் விடுவிக்க வேண்டும்?
2. அணிவகுப்பு எடுத்துக்காட்டு எதனை விளக்குகிறது?
3. உங்கள் வீட்டு வண்டியின் டயரைப் பார்த்து, அஃது எவ்வகைப் பாதைக்கு ஏற்றது என மூன்று தொடர்களில் எழுதுக.