பேரனுக்குக் கொல்லையிலேயே மருந்து

போன மாதம் மூன்று வயசுப் பேரன் ஊருக்கு வந்திருந்தான். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. காலை இறுக்கிக்கொண்டு ஒரே அழுகை. நான் விளக்கெண்ணெயைத் தேடினேன். 'சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்' என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

காரணம் எளிது. தினம் நாலு தம்ளர் பால், பிஸ்கட். நாரும் தண்ணீரும் குறைவு. மலம் இறுகினால் வலிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை அடக்கும். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சி, மலம் இன்னும் இறுகும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் வைத்தியம்.

பாலைப் பாதியாக்கினோம். பத்து உலர்திராட்சையைக் கழுவி இரவில் ஊறவைத்து, காலையில் மசித்து அந்தத் தண்ணீரோடு கொடுத்தோம். கொல்லையில் மருந்தடிக்காமல் பழுத்த பப்பாளி நாலு துண்டு, மதியம் கீரை மசியல், அடிக்கடி தண்ணீர். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில், கால் ஊன்றப் பலகை போட்டு ஐந்து நிமிடம் உட்காரவைத்தோம். அதட்டவில்லை. மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதெல்லாம் கூடாது. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம் இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கொல்லையில் ஒரு பப்பாளிக் கன்று நட்டு வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும்.