கம்பியில் பறக்கும் மாதிரி விமானம்

ஆகாய விமானம் பறக்கும் விதத்தை மாணவர்கள் நூல்களில் படித்தறிகின்றனர். அதனைத் தம் கையாலேயே உணரச் செய்யும் எளிய சாதனம் ஒன்று உண்டு. அதுவே கம்பிக் கட்டுப்பாட்டு மாதிரி விமானமாகும். சிறிய எஞ்சின் பூட்டிய இம்மாதிரி, இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளால் பறக்கவிடுபவரின் கைப்பிடியுடன் பிணைக்கப்பட்டு, அவரையே மையமாகக் கொண்டு வட்டமிடுகிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஓபா செயின்ட் கிளேர் 1930-களின் பிற்பகுதியில் இம்முறையைக் கையாண்டார். அதே மாநிலத்துப் போர்ட்லாண்ட் நகரவாசியான ஜிம் வாக்கரின் ‘ஃபயர்பால்’ என்னும் மாதிரி, 1940 முதல் இதனைப் பலரிடமும் பரவச் செய்தது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு அளிக்கும் பயிற்சியில் இதற்கும் இடமுண்டு.

கட்டுப்பாட்டின் அமைப்பு

கம்பிகள் பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் வரை நீளமுள்ளவை. அவை உட்புற இறக்கையின் நுனி வழியே சென்று, விமானத்தின் நடுவில் ஓர் அச்சைப் பற்றி அசையும் ‘பெல்கிராங்க்’ என்னும் முக்கோணத் தகட்டின் இரு முனைகளில் பொருத்தப்படுகின்றன. மூன்றாம் முனையிலிருந்து ஒரு கோல் பின்னோக்கிச் சென்று, வாலிலுள்ள எலிவேட்டர் என்னும் அசையும் பலகையை இயக்குகிறது. கைப்பிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் எலிவேட்டர் உயர்ந்து விமானம் மேலெழும். கீழ்நோக்கிச் சாய்த்தால் தாழும்.

கம்பிகள் விறைப்பாக இருக்கும்வரைதான் இவ்வேற்பாடு பயன்படும். அவை தளர்ந்துவிட்டால் மாதிரி கயிறறுந்த பட்டத்தின் கதியை அடையும். ஆகவே அதன் உறுப்புகள் பலவும் இவ்விறைப்பைக் காக்கும்படியே அமைக்கப்படுகின்றன. எஞ்சினும் சுக்கானும் சற்றே வெளிப்புறம் திருப்பப்படுகின்றன. கம்பிகளின் எடையை ஈடுசெய்ய வெளிப்புற இறக்கையின் நுனியில் சிறு ஈயத்துண்டு வைக்கப்படுகிறது. வெளிப்புற இறக்கை பெரிய வட்டத்தில் விரைந்து செல்வதால் அதன் தூக்குவிசை மிகுதி. அதைச் சமன் செய்யப் பல மாதிரிகளில் உட்புற இறக்கை சற்று நீளமாக அமைக்கப்படுகிறது.

கை தாங்கும் இழுப்பு

500 கிராம் எடையுள்ள மாதிரி, 16 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். அப்போது கையில் உணரப்படும் இழுப்பு ஏறக்குறைய 2.9 கிலோகிராம் எடைக்குச் சமம். அதாவது மாதிரியின் எடையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். மாதிரி தலைக்கு நேர் மேலே வரும்போது அதன் எடை இவ்விழுப்பைக் குறைக்கிறது. அதே வட்டத்தில் வேகம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அங்கே கம்பி தளர்ந்துவிடும். எஞ்சின் வலுக்குன்றிய வேளையில் குட்டிக்கரணம் போடலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

எஞ்சினும் எரிபொருளும்

சர்வதேச வேகப் போட்டிகளில் 2.5 கன சென்டிமீட்டர் எஞ்சின்கள் பயன்படுகின்றன. ‘குளோ பிளக்’ வகையில், தொடக்கத்தில் 1.5 வோல்ட் பாட்டரி பிளாட்டினக் கம்பிச் சுருளைக் கனியச் செய்கிறது. பின்னர் பாட்டரியை அகற்றினும், எரியும் வெப்பத்தாலும் மெதைல் ஆல்கஹால் ஆவியின்மீது பிளாட்டினம் புரியும் கிரியாஊக்கச் செயலாலும் சுருள் தொடர்ந்து கனிகிறது. உராய்வைக் குறைக்க எரிபொருளில் ஆமணக்கெண்ணெய் கலக்கப்படுகிறது. சுழற்சியால் எரிபொருள் தொட்டியின் வெளிப்புறம் ஒதுங்குமாதலால், அதை உறிஞ்சும் குழாயின் வாயும் அப்பக்கமே வைக்கப்படுகிறது.

முக்கிய எச்சரிக்கை

எஃகுக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். உயர் அழுத்த மின்கம்பியை மாதிரியோ அதன் கம்பியோ தொட்டால், கைப்பிடியை ஏந்தியவரின் உயிருக்கே ஆபத்து நேரும். மின்கம்பிகளுக்கு அருகிலும் இடியுடன் கூடிய வானிலையிலும் பறக்கவிடுதல் கூடவே கூடாது. மெதைல் ஆல்கஹால் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றுவது. அதனை நெருப்புக்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்தில் கையாள வேண்டும். கைப்பிடியை மணிக்கட்டுடன் வாரால் பிணைத்துக்கொள்ள வேண்டும். பார்வையாளர்களை வட்டத்துக்கு வெளியே வெகுதூரம் நிறுத்த வேண்டும். போட்டிகளில் மாதிரியின் எடையைப்போல் பல மடங்கு விசையால் கம்பிகளை இழுத்துச் சோதித்த பின்னரே பறக்க அனுமதிக்கின்றனர். பள்ளி மைதானத்தில் பழகுவோரும் ஒவ்வொரு முறையும் எஞ்சினை இயக்குமுன் கம்பி, முடிச்சு, கைப்பிடி ஆகியவற்றை இவ்வாறே சோதித்தல் இன்றியமையாதது.