இராமன் ஒளியும் புற்றுநோய்க் கலமும்

புற்றுநோய்க் கட்டியை அறுத்தகற்றும் சத்திர வைத்தியருக்கு நேரும் இடர்களுள் தலையாயது, கட்டி எங்கே முடிகின்றது என்பதை அறிதலாகும். கட்டியின் நடுப்பகுதி கண்ணுக்குப் புலனாகும், விளிம்போ அவ்வாறன்று. அங்கே நோயுற்ற கலங்கள் நலமுள்ள கலங்களினிடையே ஊடுருவிக் கிடக்கும். அவற்றுட் சில எஞ்சினும் நோய் மீண்டும் தலைகாட்டும். அதற்கஞ்சி அகல அறுப்பின், மூளை போன்ற உறுப்பிற் பேச்சும் நடையும் பறிபோதல் கூடும். ஆகவே, நோயுற்ற கலத்தைப் பிரித்துக் காட்டவல்ல அடையாளமொன்றை விஞ்ஞானிகள் நாடினர். அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று இராமன் விளைவை அடிப்படையாகக் கொண்டது.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் கல்கத்தாவில் இவ்விளைவைக் கண்டார். 1930 இல் நொபெல் பரிசு பெற்றார். ஒரே நிறமுடைய ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது, அதன் பெரும்பகுதி நிறம் மாறாமலே வெளிப்படும். மிகச் சிறு பகுதி மாத்திரம், மூலக்கூறுகளின் அதிர்வுக்குச் சிறிது சத்தியைக் கொடுத்தோ, அதிலிருந்து பெற்றோ, நிறம் மாறி வரும். மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்கேயுரிய மீடிறன்களில் அதிர்வதால், இவ்வொளியின் நிறமாலையில் ஒடுங்கிய கோடுகளின் வரிசையொன்று தோன்றும். குரலைக் கேட்டே ஆளை அறிவதுபோல, இவ்வரிசையைக் கொண்டே மூலக்கூற்றை இன்னதென அறியலாம். ஆயின் அக்குரல் மிக மெல்லியது. சிதறும் ஒளித்துணிக்கைகளில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்றே இவ்வாறு மாறுகின்றது.

இக்குறையை நீக்கும் வழி எதிர்பாராத இடத்திற் பிறந்தது. 1974 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்திற் பிளைஷ்மன் முதலிய மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடீன் என்னும் பொருள் மிக வலிய இராமன் ஒளியைத் தருதலைக் கண்டனர். மேற்பரப்பு விரிந்தமையே காரணமென அவர்கள் கருதினர். 1977 இல் வேறு இரு குழுவினர், அஃது ஒன்றே போதாதென்றும், மூலக்கூறு ஒவ்வொன்றின் சிதறலும் பல இலட்சம் மடங்கு பெருகியுள்ளதென்றும் காட்டினர். பொன், வெள்ளி ஆகியவற்றின் கட்டற்ற இலத்திரன்கள் ஒளியலையோடு சேர்ந்தூசலாடுவதால், உலோகத்தை அடுத்த இடத்தில் மின்புலம் பெரிதும் வலுக்கின்றது. சில நனோமீற்றர் விலகினும் இவ்வலிமை விரைந்து குன்றும். ஆதலின் மூலக்கூறு உலோகத்தைத் தழுவியிருத்தல் வேண்டும். நனோமீற்றராவது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

அடையாளத் துணிக்கையின் அமைப்பும் இதனால் விளங்கும். அதன் நடுவே பொன்மணி, அதன்மேற் சாயம், சாயத்தைக் காக்கும் உறை, உறையின் புறத்தே புற்றுநோய்க் கலத்தை நாடிப் பற்றும் பிறபொருளெதிரி. சாய மூலக்கூறுகள் ஒளியை வலிமையாகச் சிதறுவன. பொன்னில் உறுதியாக ஒட்டுவனவும் அவற்றுள் உண்டு. சாயத்தின் இயல்பான ஒளிர்வையே பயன்படுத்தலாகாதோ எனின், அவ்வொளிர்வு அகன்ற நிறப்பட்டையாகப் பரவும்; ஒளிபடப்பட மங்கும்; பல சாயங்களை ஒருங்கே இடின் ஒன்றோடொன்று கலக்கும். இராமன் கோடுகளோ ஒடுங்கியன. ஆதலின் 2009 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் உயிருள்ள எலியொன்றிற் பத்துவகைத் துணிக்கைகளைத் தனித்தனியே பிரித்தறிந்தனர்.

இதற்கு முந்திய ஆண்டில் எமோரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர், 60 நனோமீற்றர்ப் பொன்மணியில் மலக்கைற்றுப் பச்சை என்னும் சாயத்தை ஏற்றி, பிறபொருளெதிரியின் கூறொன்றையும் இணைத்து, எலிகளின் குருதியிற் செலுத்தினர். சில புற்றுநோய்க் கலங்களின் சவ்வில் மிகுந்திருக்கும் வளர்ச்சிக் காரணி வாங்கியை அக்கூறு பற்றியது. தோலை ஊடுருவவல்ல செந்நிறக்கீழ் இலேசர் ஒளி பட்டபோது, கட்டியிருந்த இடத்திற் சாயத்தின் கோடுகள் தெளிவாகத் தோன்றின. 2012 இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர், சாயத்துக்குப் பதிலாக வேறொரு சேதனச் சேர்வையைப் பொன்னில் ஏற்றிச் சிலிக்கா உறையிட்டு, எலிகளின் மூளைக் கட்டியிற் சோதித்தனர். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அகற்றிய பின்னரும் சிற்சில இடங்கள் இராமன் ஒளியைத் தந்தன. நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, அவ்விடங்களில் விரல்போல் நீண்ட நோய்க்கலங்கள் காணப்பட்டன.

எனினும் எலியிற் கண்ட வெற்றி மனிதனிலும் உறுதியெனக் கொள்ளலாகாது. குருதியிற் செலுத்திய துணிக்கைகளிற் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் கவர்ந்துகொள்ளும். பொன் எளிதிற் சிதைவதன்று. ஆதலின் அது நெடுநாள் அங்கே தங்கும். அதன் தீங்கின்மையை நிறுவுதல் வேண்டும். ஒளியும் உடலினுள் ஆழச் செல்வதில்லை.

1921 ஆம் ஆண்டு கப்பலிற் சென்ற இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். புற்றுநோய் அவர் நினைவில் இருந்ததன்று. அவ்வினாவின் வழிவந்த அறிவு இன்று சத்திர வைத்தியரின் கத்திக்கு வழிகாட்ட முயல்கின்றது. உடனடிப் பயனை மாத்திரம் நோக்கிக் கற்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.